ஏழாவது வாத்து

புதுத் துண்டு அது. சிவப்புக் கரை போட்டது, மடிப்புக்கூடக் கலையாதது. கடையில் ஒட்டிய காகிதம் மூலையில் அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு செத்த வாத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு வாத்துக்கார அக்கா எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்கு வந்தார். ஆய்வக மேசைமேல் அதை வைக்கும்போது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோலத் தலைப்பக்கம் கை கொடுத்து மெதுவாக இறக்கினார். செத்த பறவைகளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பலர். சாக்கில் வரும், பாலித்தீன் பையில் வரும், ஒருமுறை பெயிண்ட் டப்பாவுக்குள் தலைகீழாக வந்தது. புதுத் துண்டில் வந்தது அது ஒன்றுதான். அன்றைக்கே நான் அதை யோசித்திருக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் இறக்கை இரண்டும் முழுசாக இருக்கிறதா என்றுதான்.

"எங்கக்கா கெடந்துச்சு?" என்று கேட்டேன்.

"வாய்க்கா ஓரமுங்க. கொழிஞ்சாம்பாறைக்கு இந்தப் பக்கம்." அக்கா துண்டின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார். "காட்டு வாத்துதானுங்களே டீச்சர்?"

அலகைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் மஞ்சள், அடியில் சிவப்புப் பொட்டு. புள்ளிமூக்கு வாத்தேதான், சந்தேகமே இல்லை என்றேன். அக்கா தலையாட்டினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "அது அதுக்குத்தானுங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏழாவது என்று எண் போட்டேன்.

நான் மூணாறுப் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். அம்மா முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர், அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். படித்து முடித்து எனக்கு வேலை கிடைத்தது பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், மாங்காய் லாரிகளும் கோயம்புத்தூர் பஸ்களும் ஓடுகிற காய்ந்த பக்கத்தில். வகுப்பெடுத்த நேரம் போக நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் அம்மா போன் பண்ணுவார். "ஏட்டி, இம்புட்டுப் படிச்சது செத்த வாத்துக்கு அளவெடுக்கவா?" என்பார். ஆமாம்மா என்பேன். வேறு என்ன சொல்ல.

விஷயம் இதுதான். இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவு. அதில் முன்னொரு காலத்தில் ஒரு வாத்து இனம் இருந்தது. எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கிய வாத்துகளின் சந்ததி. தீவில் துரத்துவதற்கு நரி இல்லை, நாய் இல்லை, வருஷம் முழுக்கத் தீனி. பிறகு எதற்குப் பறப்பது? தலைமுறை தலைமுறையாக இறக்கை சுருங்கியது, கால் தடித்தது. கடைசியில் கப்பலில் மனிதர்கள் வந்து இறங்கியபோது அதற்கு ஓடத்தான் தெரிந்திருந்தது. அது போதவில்லை. இப்போது அந்த வாத்தில் மிஞ்சியிருப்பது சேற்றுக்குள்ளிருந்து எடுத்த எலும்புகள் மட்டும். அசல்கள் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றன. எனக்கு வந்தவை அவற்றின் நகல்கள், பஞ்சு பொதிந்த அட்டைப்பெட்டியில் இருபத்துச் சொச்சம் துண்டுகள். அந்தத் துண்டுகளை இன்றைக்கு உயிரோடிருக்கும் சொந்தக்கார வாத்துகளின் எலும்புகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் என் வேலை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அந்த வாத்து பறப்பதை முழுக்க மறந்துவிட்டதா, இல்லை கொஞ்சமாவது எழும்பிப் பறந்துகொண்டிருந்ததா? முழுக்க மறந்துவிட்டது என்பதுதான் என் துறைப் பெரியவர்கள் சொல்லிவந்த பதில்.

இறக்கை எலும்பு எவ்வளவு பருமன், தசை பிடித்திருந்த இடத்தில் மேடு எவ்வளவு உயரம் என்பதை வைத்துத்தான் இதைச் சொல்ல முடியும். நன்றாகப் பறக்கிற பறவைக்கு அந்த மேடு விரலில் இடறும். பறக்காததற்கு மழுங்கிப் போயிருக்கும். ஆனால் எத்தனை மழுங்கினால் பறக்காது என்று சொல்ல, பறக்கிற சொந்தக்காரர்கள் பலரைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். உயிருள்ள காட்டுப் பறவையைப் பிடிக்க எனக்கு அனுமதி கிடையாது, பிடிக்கவும் மாட்டேன். தானாகச் செத்துக் கிடப்பதை எடுத்துக்கொள்ள மட்டும் வனத்துறையிடம் எழுதி வாங்கியிருந்தேன். மின்கம்பியில் அடிபட்டது, வலையில் மாட்டியது, வெயிலில் விழுந்தது என்று நாலு வருஷத்தில் ஆறு புள்ளிமூக்கு வாத்துகள் கிடைத்தன. ஏரி குளம் எல்லாம் நானே அலைந்து பொறுக்க முடியாது. அப்படித்தான் வாத்துக்காரர்களிடம் போனேன்.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆயிரத்துக்குமேல் வாத்து வைத்து மேய்த்தார்கள். நெல் அறுத்த வயலில் பட்டி போடுவார்கள். வலையை வட்டமாகக் கட்டி வாத்துகளை அடைப்பதற்குப் பெயர்தான் பட்டி. விடிந்ததும் அதற்குள் குனிந்து போய் முட்டை பொறுக்கிவிட்டு வாத்துகளை வயலுக்கு அவிழ்த்து விடுவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் தீர்ந்ததும் அடுத்த வயல், அடுத்த ஊர். சித்தூரிலிருந்து நெம்மாறை வரைக்கும் நடத்தியே கொண்டுபோவார்கள், அதைத் தாண்டினால் லாரி. அக்காவின் சாமான்களோடு எப்போதும் ஒரு கூடையில் இரண்டு நாட்டுக்கோழிகளும் போகும். வாத்துக்காரருக்குக் கோழி எதற்கு என்று முதல் நாள் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "எங்க வாத்துக்கு முட்ட போடத்தானுங்க தெரியும், அடை உக்காரத் தெரியாது. மனுசன் பாத்துக்குவான்னு உட்டுப்போட்டுதுங்க. கோழிதான் பொரிச்சுக் குடுக்கோணும். காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?" என்றார். நான் தீவு வாத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர் கோழிக்கூடையைக் காட்டி இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் அவர்கள் பட்டி எங்கே இருக்கிறதென்று விசாரித்துப் போய் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமாயிற்று. ஊரைவிட்டு வந்த எனக்கு அந்தப் பக்கத்தில் வேறு போக்கிடமும் இல்லை. ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அக்கா கேட்டார், கொண்டுபோகிற வாத்தையெல்லாம் என்ன பண்ணுவீர்கள் என்று. எலும்பைச் சுத்தம் பண்ணி, எண் எழுதி, பெட்டியில் வைப்போம் என்றேன்.

"எத்தன நாளைக்குங்க?"

"நூறு வருஷம், எரநூறு வருஷம். நான் செத்துப் போனாலும் அது இருக்கும்க்கா."

அக்கா டீ டம்ளரை வரப்பில் வைத்துவிட்டு, "வளத்தற வாத்து குடுத்தாலும் வெச்சுக்குவீங்களா?" என்றார்.

"அது எதுக்குக்கா? வளத்ததுக்கு அங்க எடமில்ல. காட்டுல தன்னால பறந்து திரிஞ்சதா இருக்கணும்" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு மிடுக்கு இருந்தது. படித்த மிடுக்கு. அந்தப் பேச்சு நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அக்கா அந்தத் துண்டோடு வந்தார்.

ஏழாவது வாத்தைத் தண்ணீர் வாளியில் ஊறப்போட்டு, சதை கழன்று, எலும்பு வெளுத்துக் காய்வதற்கு இரண்டு மாதம் ஆனது. அந்த நாற்றத்துக்காகவே பக்கத்து வேதியியல் துறைக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். காய்ந்த எலும்புகளைக் கையில் எடுத்ததும் மற்ற ஆறின் பெட்டிகளையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். இறக்கை எலும்பு மற்ற ஆறைவிட மெலிசு. மேடு பாதிகூட இல்லை. நெஞ்செலும்பின் நடுவரம்பு தணிந்து கிடந்தது. காலெலும்போ நல்ல தடிமன். தீவு வாத்தின் நகலைப் பக்கத்தில் வைத்தேன். நீளத்தில் நகல் குட்டை, ஆனால் பருமனிலும் மேட்டிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. நம் ஊர்க் குளத்தில் பறந்து திரிந்த ஒரு காட்டு வாத்தின் எலும்பே இத்தனை மெலிந்திருக்க முடியுமென்றால், தீவு வாத்தும் பறந்திருக்கலாம். பெரியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். பதினோரு வருஷ வேலையில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. அன்றைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, ஆளில்லாத வராந்தாவில் கைகளை இறக்கைபோல வீசிக்கொண்டு நடந்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. அந்த வாத்தின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே பழைய முறிவு ஒன்று கூடியிருந்தது. நேராகக் கூடியிருந்தது. காட்டில் கால் ஒடிந்த பறவை அநேகமாகப் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் எலும்பு கோணிக்கொண்டுதான் சேரும். இது எப்படி இவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்தது? தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்திருக்கும், காலுக்குப் பாரம் இருந்திருக்காது என்று நானே ஒரு பதில் கண்டுபிடித்து, நோட்டில் 'பழைய முறிவு, நன்றாகக் கூடியது' என்று எழுதி மூடிவிட்டேன். நமக்கு வேண்டிய பதில் கையில் இருக்கும்போது வேண்டாத கேள்வியை எத்தனை மரியாதையாக வாசலோடு அனுப்பிவிடுகிறோம். துறைக் கூட்டத்தில் என் முடிவைப் பேசினேன். துறைத்தலைவர் சார் அபூர்வமாகத்தான் சிரிப்பார், அன்றைக்குச் சிரித்தார். கட்டுரையை எழுதி முடித்து அனுப்பச் சொன்னார்.

அனுப்புவதற்கு முன் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் கொடுத்த வாத்தல்லவா. அம்மா அனுப்பிய தேயிலைத்தூள் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு முதலமடைக்குப் போனேன். சுள்ளியாற்றுப் பக்கம் அறுத்த வயலில் பட்டி. மாந்தோப்பு நிழலில் அக்கா ஒரு வாத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரப்பில் இடறி அதற்குக் கால் ஒடிந்துவிட்டதாம். மஞ்சளைக் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு இரண்டை அண்டக் கொடுத்து, பழைய சேலைக் கிழிசலால் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் விரலால் நீவிப் பார்த்துக்கொண்டார்.

"நேரா கூடிருமாக்கா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"கூடாம? என்ற கட்டு நேராத்தானுங்க கூடும். எத்தன காலு பாத்திருக்கறேன்."

துண்டு, கூடையில் கோழி, வளர்த்தது கொடுத்தால் வைத்துக்கொள்வீர்களா என்ற கேள்வி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நான் கொண்டுவந்த நல்ல சேதியைச் சொல்லவே இல்லை. அந்தத் துண்டில் கொண்டுவந்த வாத்துக்கும் நீங்கள்தான் கட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். அக்காவின் கை நின்றது. வயலில் தூரத்தில் வாத்துகளோடு நின்ற வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டை முடிச்சுப் போட்டு, வாத்தைக் கூடைக்குள் விட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நெல்லறுக்கற மிஷின் வந்துட்டிருந்துதுங்க. வரப்போரம் அஞ்சு முட்ட. தாயி பறந்து போச்சு. மிஷின் ஏறிப்போடுமேன்னு எடுத்துட்டு வந்து கோழிக்கு வெச்சனுங்க. நாலு கூமுட்டையாப் போச்சு, ஒண்ணு பொரிச்சுது. எறகு மொளைக்க மொளைக்க ஒரு பக்கம் புடுங்கி உட்டனுங்க. இல்லீன்னா போயிருமுங்களே. மூணு வருசம் பட்டியோட பட்டியா நடந்துது. போன கோடையில லாரியில ஏத்தறப்ப வெயிலுக்குச் சுருண்டு உழுந்துருச்சு."

"பேர் வச்சிருந்தீங்களாக்கா?"

"எங்க பொழப்புல பேரு வெக்கக் கூடாதுங்க. பேரு வெச்சா விக்க முடியாது. அதுக்கும் வெக்கல. ஆனா விக்கவும் இல்ல."

ஏன் வாய்க்கால் ஓரம் கிடந்தது என்று சொன்னீர்கள் என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி இருந்தது. காட்டு வாத்தை வளர்த்தது தெரிந்தால் கேஸாகிவிடும் என்றார். முன்னொரு தரம் ஒரு நீர்க்கோழியைப் பிடித்ததற்காக வீட்டுக்காரரை நாள் முச்சூடும் வனத்துறை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு அக்கா என்னை நேராகப் பார்த்தார். "அப்பறம் நீங்கதான சொன்னீங்க டீச்சர், வளத்ததுக்கு எடமில்லீன்னு. திங்கவும் முடியல, வீசவும் மனசு வரல. உங்ககிட்டன்னா நூறு வருசம் இருக்குமுன்னீங்க. அதுதானுங்க." என் வேலை மொத்தமும் போச்சே அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு, தேயிலைப் பொட்டலத்தை மாமரத்தடியில் வைத்துவிட்டு நடந்தேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் நான் நல்ல மனுஷியாக இல்லை. ஏழாவது வாத்து பறந்து திரிந்த வாத்தே அல்ல. ஒரு பக்க இறகு இல்லாமல், நாள் முழுக்க நடந்தே வளர்ந்தது. அதன் இறக்கை எலும்பு மெலிந்ததற்கும் கால் தடித்ததற்கும் வேறு காரணமே தேவையில்லை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஆறு வாத்துகளுக்கும் தீவு வாத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி. பெரியவர்கள் சொன்னதே சரி, என் கண்டுபிடிப்பு காலி. ஆனால் எழுதி முடித்த கட்டுரை கணினியில் தயாராக இருந்தது. உண்மை தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர், அதில் இரண்டு பேர் ஏதோ ஒரு வயலில் வாத்து மேய்க்கிறார்கள். வெளியே சொன்னால் அக்காவுக்குத்தானே கேஸ் வரும், பேசாமல் இருப்பதுதான் அவருக்குச் செய்கிற உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் மிகவும் ருசியாக இருந்தது. தினமும் கட்டுரையைத் திறப்பேன், அனுப்பப் போவேன், ஏதாவது ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு மூடிவிடுவேன்.

அனுப்பிவிடுவது என்று முடிவே செய்துவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்து ஆய்வக வாசலில் நின்றார். வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அதைக் குடுத்துருங்க டீச்சர். கொண்டு போயிப் பொதச்சுப்போடறேன்."

"ஏன்க்கா?"

"பொய் சொல்லி எடம் புடிச்சுக் குடுத்தேன். அதுனால உங்க வேலை கெட்டுப்போச்சு. அப்படியொரு எடம் அதுக்கு வேண்டாமுங்க."

அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். அக்கா எலும்புகளை எண்ணுவதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒவ்வொன்றின்மேலும் கறுப்பு மையில் ஏழு என்று எழுதியிருப்பதைக் காட்டி எதற்கென்று கேட்டார். மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க என்றேன். "கலந்தாலும் எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி, ஒடிந்து கூடிய காலெலும்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்.

"ரெண்டாவது வருசம் மேல ஒரு கூட்டம் போச்சுங்க, இதோட சாதி. இது கழுத்தத் தூக்கிப் பாத்துட்டே நின்னுது. தீனி எடுக்கல. எனக்கு மனசு கேக்கலீங்க. எறகு புடுங்கறத நிறுத்திப்போட்டேன். நல்லா மொளைச்சு வந்ததும் ஒருநாள் ஏரிக்கரை மேல தூக்கிட்டுப் போயி, போயிரு சாமீன்னு மேல வீசி உட்டனுங்க." அக்கா எலும்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "எறகு இருந்துச்சு. அடிக்கப் பலமில்லீங்க. கல்லு மாதிரி உழுந்துது. அப்பத்தான் இந்தக் காலு ஒடஞ்சுது."

அக்கா அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக இறக்கை எலும்பைக் கையில் வைத்து, இது பறக்கும், இது பறக்காது என்று அளந்துகொண்டிருந்தவள் நான். மேலே போகட்டும் என்று தூக்கி வீசிய பறவை கீழே விழுவதைப் பார்த்து நின்றவர் அவர். அந்த எலும்பைப் பற்றிப் பேச எங்கள் இரண்டு பேரில் யாருக்கு அதிகத் தகுதி என்பதில் எனக்குக் குழப்பம் ஏதும் இல்லை. அந்தக் கட்டுரை போகாது என்பதும் அப்போதே தீர்மானமாகிவிட்டது. அதற்குப் பெரிய மனப்போராட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு வாரமாக இருந்த பாரம் இறங்கினதுதான் தெரிந்தது.

பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்றேன். வளர்த்ததற்கு இடமில்லை என்று நான் சொன்னது தப்பு, இடம் உண்டு, உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தால் போதும் என்றேன். கேஸ் வருமே என்றார். உங்கள் பெயரோ ஊரோ எழுத மாட்டேன், யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்த பழைய விவரச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு எடுத்து அவர் முன்னாலேயே எழுதினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தேன். புள்ளிமூக்கு வாத்து. வரப்பிலிருந்து எடுத்த முட்டை. கோழி பொரித்தது. மூன்று வருஷம் வாத்துப் பட்டியில் வளர்ந்தது. இடது கால் ஒடிந்து, கட்டுப் போட்டுக் குணமானது. ஒவ்வொரு வரிக்கும் அக்கா "செரிங்க, செரிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரியாக, பறக்காதது என்று எழுதிப் படித்தேன்.

அக்கா கையை நீட்டிச் சீட்டின்மேல் வைத்தார்.

"பறக்காததுன்னு எழுதாதீங்க டீச்சர். பறக்க உடாததுன்னு எழுதுங்க."

அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னபடி எழுதினேன். என் துறைக்கு வேண்டிய வித்தியாசம் மொத்தமும் அதில் இருந்தது. தீவு வாத்தின் இறகை யாரும் பிடுங்கவில்லை. அது எத்தனையோ தலைமுறையாகப் பறப்பதைத் தானே கைவிட்டது. இதற்கு ஒரே ஆயுசுக்குள் நடந்தது, அதுவும் பிறர் கையால். இரண்டு எலும்பும் கையில் ஒன்றுபோலவே இருக்கும். கூட இருந்தவர் சொன்னால்தான் எது எது என்று தெரியும்.

திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று என் முடிவு தப்பு என்றேன். ஏழாவது வாத்து வளர்ப்பு வாத்து, விசாரிக்காமல் காட்டு வாத்து என்று எழுதியது நான் என்றேன். யார் கொடுத்தது என்று சார் கேட்டார். சொல்ல மாட்டேன் சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போனார். அதன்பிறகு என்னைப் பார்த்து அவர் சிரித்ததாக நினைவில்லை. கட்டுரையை முதலிலிருந்து எழுத இன்னும் இரண்டு வருஷம் ஆனது. தீவு வாத்து பறக்கவில்லை, பெரியவர்கள் சொன்னது சரி என்று முடியும் சின்னக் கட்டுரை அது. வளர்ப்பில் இறக்கை மெலியும், எலும்பை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம் என்று ஒரு பத்தி அதில் சேர்த்திருக்கிறேன். அதைப் படித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா இப்போதும் அறுப்பு முடிந்ததும் இந்தப் பக்கம் பட்டி போட வருவார், நானும் போவேன். கல்லூரிக்கு வந்து பெட்டியைப் பாருங்கள் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டாயிற்று, வரமாட்டார். "இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்பார். இருக்குக்கா என்பேன். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் மாணவிகளுக்கு அலமாரியைத் திறந்து பெட்டிகளைக் காட்டுவேன். ஏழாவதுக்கு வந்ததும் யாராவது ஒருத்தி சீட்டை எடுத்துக் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். அடித்துவிட்டு எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு டீச்சர் பறக்க விடல?" என்று கேட்பாள். பிரியமாக வளர்த்தவர்கள்தான் என்று சொல்வேன். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பாள். நான் எட்டாவது பெட்டியைத் திறப்பேன்.